மலையே பள்ளி: இளம் பருவத்தினருக்கான கோடை முகாம்கள்

2014 மே 25ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தில் மாலாவத் பூர்ணா என்னும் மாணவி ஏறி நின்றார். அப்போது அவருக்கு 14 வயது நிறைவடையவில்லை. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் நிஜாமாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த விவசாயத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, அரசின் சமூகநல உறைவிடப் பள்ளியில் பயின்றவர் அவர். கம்மம் மாவட்டத்தைச் சேர்ந்த மாணவர் ஆனந்த் குமாரும் உடன் ஏறினார். போங்கீர் பாறையிலும் பின்னர் டார்ஜிலிங்கிலும் பெற்ற படிப்படியான பயிற்சியே இவ்வெற்றிக்கு அடிப்படை.

இரு வாரங்களுக்குப் பின், ஜூன் 8ஆம் நாள், ஐதராபாத்திலிருந்து சுற்றுலா சென்ற பொறியியல் மாணவர் 24 பேர் இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டனர். மேலே அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், ஆற்றின் நடுவே நின்றவர்களைத் திடீரெனச் சூழ்ந்துகொண்டது. திறந்தவெளி அனுபவம் இளைஞரை வளர்க்கவும் செய்யும்; முன்னேற்பாடு இன்றேல் அழிக்கவும் செய்யும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன. கோடை முகாம்களைத் திட்டமிடுவோர் இவ்வுண்மையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

தோற்றமும் வளர்ச்சியும்

கோடை முகாம் என்னும் கருத்து அமெரிக்காவில் உருப்பெற்றது. 1861இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிரெடரிக் கன் என்னும் பள்ளித் தலைவர் தம் மாணவர்களைக் கடற்கரைக்கு நடத்திச் சென்று கூடாரங்களில் தங்கவைத்தார். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களைக் கொண்டு நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் பிறந்தது. செல்வக் குடும்பத்துச் சிறுவர்களும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவர்களும் அங்கு ஒரே கூடாரத்தில் தங்கினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியச் சிறுவர்களுக்கென 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் சாரணர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் பல்வேறு அமைப்புகள் ஒன்றிணைந்து, 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று. 1948இல் தேசிய மாணவர் படைச் சட்டம் நிறைவேறியது. டென்சிங் எவரெஸ்டில் ஏறிய மறு ஆண்டான 1954இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றக் கழகம் நிறுவப்பெற்றது. சாகசம் என்பது செல்வர்தம் பொழுதுபோக்கன்று. இளைஞர் கல்வியின் ஒரு கூறு என்னும் கொள்கை இவ்வாறு நாட்டில் வேரூன்றியது.

சித்தூர்–திருப்பதிப் பகுதியின் வளம்

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் பழைய சித்தூர் மாவட்டம் 2022இல் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. முகாம்களுக்கு வேண்டிய இயற்கைச் சூழல் இப்பகுதியில் நிறைந்துள்ளது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய சேஷாசல மலைகள் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. உலகில் வேறெங்கும் இயற்கையாகப் பரவி வளராத செம்மரத்தின் தாயகம் இம்மலைகளும் இவற்றைச் சூழ்ந்த பகுதிகளுமே. திருமலையின் சிலாதோரணம் என்னும் இயற்கைப் பாறை வளைவு புவியியல் மாணவர்க்கு ஒரு திறந்த பாடநூல். தலகோனா அருவி சுமார் 270 அடி உயரத்திலிருந்து விழுகிறது. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஹார்ஸ்லி மலை கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்பதால் கோடையிலும் சமவெளியைவிடக் குளிர்ச்சி உடையது.

பயிற்சியின் இயல்பு

பாறையேற்றத்தில் சிறுவன் இடுப்பில் அணியும் பட்டையுடன் கயிறு பிணைக்கப்படுகிறது. அக்கயிறு பாறையின் உச்சியிலுள்ள உறுதியான பிடிப்பின் வழியாகக் கீழிறங்கி, பயிற்சி பெற்ற ஒருவரின் கையை அடைகிறது. கால் வழுக்கினாலும், கயிற்றைத் தளரவிடாது பிடித்திருப்பவர் சில அங்குலங்களுக்குள்ளாகவே அவனை நிறுத்திவிடுகிறார். சிறுவன் உணரும் அச்சம் பெரிது. உண்மையான இடர் சிறிது. அச்சத்தை ஆராய்ந்து, அதனை மீறி அடியெடுத்து வைக்கக் கற்பதே இப்பயிற்சியின் பயன். கயிற்றைப் பிடிக்கும் தோழன் மீது நம்பிக்கை வைப்பதும், பின்னர் தானே கயிற்றைப் பிடித்துப் பொறுப்பேற்பதும் வகுப்பறையில் கற்பிக்க இயலாத பாடங்கள்.

கூடாரம் அமைத்தல், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி அறிதல், முதலுதவி, கூட்டாகச் சமைத்தல், பயன்படுத்திய இடத்தைத் தூய்மையாக விட்டுச் செல்லுதல் ஆகியனவும் முகாமில் இடம்பெறுகின்றன.

பருவமும் பாதுகாப்பும்

இங்கு ஓர் அடிப்படை முரண்பாடு உண்டு. ஆந்திரப் பள்ளிகளின் விடுமுறை ஏப்ரல் இறுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை அமைகிறது. அக்காலத்தில் திருப்பதியின் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பதுண்டு. இலையுதிர் காடுகள் காய்ந்து தீப்பற்றும் நிலையில் இருக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது.

2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை தாக்கி ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதையடுத்து, 15 வயதுக்குட்பட்டோர் பிற்பகல் 2 மணிக்கு மேல் அப்பாதையில் செல்லத் தடை விதிக்கப்பட்டது. பல்லாயிரம் பக்தர் நடக்கும் பாதையிலேயே இந்நிலை என்றால், அடர்காட்டில் வேண்டிய எச்சரிக்கையைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே கோடை முகாம்கள் ஹார்ஸ்லி மலை போன்ற உயர்ந்த இடங்களில் நடைபெறுவதே தக்கது. காட்டு நடைப் பயணங்களைக் குளிர்கால விடுமுறைக்கு மாற்றலாம். எக்காலத்தாயினும் சில நெறிகள் தளர்த்தப்படலாகா. உடலுழைப்புப் பயிற்சிகள் விடியலில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிதல் வேண்டும். அருவித் தடாகத்தில் எவரும் தனியே இறங்கலாகாது. இடி முழங்கினால் முகட்டிலிருந்து உடனே இறங்க வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கலாகாது. பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். தேசியப் பூங்காவிலும் சரணாலயத்திலும் நுழைய 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெறுதல் கட்டாயம்.

யாருக்கு இவ்வாய்ப்பு?

நகரங்களில் தனியார் நடத்தும் முகாம்களின் கட்டணம் சாதாரணக் குடும்பத்தின் வருவாய்க்கு எட்டாதது. சித்தூர்ச் சிற்றூர்களிலோ கோடை என்பது மாங்காய் பறிப்புக் காலம். 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரைப் பணியமர்த்துவதைத் தடுத்தபோதிலும், விடுமுறையில் குடும்பத் தொழிலுக்கு உதவுவதை அனுமதிக்கிறது. இச்சிறுவர்க்கு முகாம் என்பது ஓய்வும், சத்துணவும், புதிய உலகின் அறிமுகமும் ஆகும்.

கயிறு, தலைக்கவசம், கூடாரம் ஆகியவற்றை ஒருமுறை வாங்கினால், தேய்மானத்தை அவ்வப்போது ஆய்ந்து பல பள்ளிகள் சுழற்சி முறையில் பயன்படுத்த இயலும். உடற்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதும், காட்டை அறிந்த உள்ளூர் மக்களை வழிகாட்டிகளாக அமர்த்துவதும் செலவைக் குறைத்து, வேலைவாய்ப்பையும் பெருக்கும். சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்றுண்டு. அது பயிற்றுநரின் தகுதி.

பூர்ணாவின் வெற்றியில் அவருடைய துணிவுக்கு உள்ள பங்கு அரசுப் பள்ளி ஒன்றின் முறையான ஏற்பாட்டுக்கும் உண்டு. எல்லாச் சிறாரும் எவரெஸ்ட் ஏற வேண்டியதில்லை. தம் ஊருக்கு மேலே நிற்கும் மலையை ஒருமுறையேனும் பாதுகாப்பாக ஏறிப் பார்க்கும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் கிட்டுமாயின், அதுவே நாட்டின் மனித வளத்தில் செய்யப்படும் நல்லதொரு முதலீடாக அமையும்.