ரிசீட்டுக்குள் ‘பி’ நுழைந்தது எப்படி தெரியுமா?

ஏழே எழுத்து, அதில் ஒன்றுக்குச் சத்தமே கிடையாது! ஆர், இ, சி, இ, ஐ, பி, டி: இதுதான் ரிசீட். சி-க்குப் பிறகு முதலில் இ, அப்புறம்தான் ஐ. ரிசீவ், டிசீவ், சீலிங் எல்லாவற்றிலும் அதே வரிசை. இதைத் திருப்பிப் போட்டு அச்சடித்த பில் புத்தகங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் வாயிலேயே வராத அந்த ‘பி’, பேப்பருக்கு வருகிற பி, அங்கே என்ன செய்கிறது?

படித்தவர்கள் வேண்டுமென்றே கொண்டுவந்து வைத்தது அது! பிரெஞ்சு வழியாக இந்தச் சொல் இங்கிலாந்துக்கு வந்தபோது அதில் பி ஒலிக்கவில்லை. எழுத்திலும் பெரும்பாலும் இல்லை. பின்னால் வந்த லத்தீன் பண்டிதர்கள், மூலச்சொல் ‘ரெசெப்டா’வில் பி இருக்கிறதே என்று இதிலும் செருகினார்கள். எழுத்து மாறியது, உச்சரிப்பு மசியவில்லை!

இன்னும் வியப்பு இருக்கிறது. டிசீட், கன்சீட் இரண்டும் அதே லத்தீன் வேரில் முளைத்தவை. அவற்றுக்கும் பி போட்டு எழுதிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. ரிசீட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டது! அதனால் இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. விதி எதுவும் கைகொடுக்காது.

கடனைச் சொல்லும் டெட், சந்தேகத்தைச் சொல்லும் டவுட், இவற்றில் வரும் பஸ்ஸுக்கான பி-யும் இப்படி வந்து சேர்ந்ததுதான். ஷேக்ஸ்பியர் காலத்திலேயே இது பெரிய சர்ச்சை! 1598-ல் அச்சான ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் ஒரு வாத்தியார் வருகிறார். டெட் என்ற சொல்லில் பி-யை விழுங்கிவிட்டுப் பேசுகிறார்களே என்று அவர் கொதிக்கிறார். அவர் ஆசைப்பட்டபடி இன்று ஒருவரும் பேசுவதில்லை.

டாக்டர் சீட்டின் தலையில் ஆர் எழுத்தின் காலில் ஒரு கோடு போட்டிருக்குமே, அதுவும் இந்தக் குடும்பம்தான் தெரியுமா? ‘எடுத்துக்கொள்’ என்று பொருள்படும் லத்தீன் கட்டளை ‘ரெசிபி’யின் சுருக்கம் அது. சமையல் குறிப்புக்கு நாம் சொல்லும் ரெசிபியும் அதேதான். அந்தக் காலத்து ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் குறிப்புகளுக்கே ரிசீட் என்றுதான் பெயர்!

அப்படியானால் நம் ரசீது? ரிசீட்டின் திரிபு என்றுதான் தோன்றும். இல்லவே இல்லை! அது பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே ‘ரசீதன்’ என்றால் வந்து சேர்வது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி நிற்பது தற்செயல்!

புழக்கத்தில் கவனிக்க ஒன்று உண்டு. பணம் கொடுக்கச் சொல்வது பில். கொடுத்தாயிற்று என்று உறுதி சொல்வது ரிசீட். கடைக்காரர் இரண்டையும் ஒரே தாளில் தந்தாலும், ஆபீசில் செலவுக்கணக்கு காட்டும்போது கேட்பது இரண்டாவதைத்தான்.