தேயிலைப் பொறிகளின் பழம்பொலிவு

பழையது என்பதற்காக ஒரு பொருளைப் புறக்கணித்து எறிந்துவிடுவது ஒரு வகைப் பிழை. பழையதைப் புதியதாக்க வேண்டும் என்னும் ஆவலால் அதனைத் தேய்த்தும் சுரண்டியும் மினுக்கி, அது தாங்கி நின்ற காலத்தின் சுவடுகளை எல்லாம் அழித்துவிடுவது மற்றொரு வகைப் பிழை. இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்துபோன பொறிகளுக்கு இவ்விரு பிழைகளும் நேர்வதுண்டு. ஒருபுறம் அவை துருப்பிடித்துப் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. மறுபுறம் காட்சிப் பொருளாக எடுத்து வைக்கப்படும்போது அளவுக்கு மீறி மெருகிடப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. பொறியின் உலோகப் பரப்பு தொடக்கத்தில் எவ்வாறு இருந்ததோ அதனை அறிந்து, அந்த நிலைக்கு அதனைத் தீங்கின்றி மீட்பதே அவ்வழி.

நுவரெலியா மாவட்டத்தில், அக்கரபத்தனைக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளியை நோக்கி உயரும் மலைச்சரிவுகளில் அமைந்தது டயகம. மூடுபனியும் மழையும் குளிரும் அவ்விடத்தின் இயல்பு. தேயிலைக்கு நறுமணத்தைத் தரும் இதே ஈரக்காற்று இரும்புக்குத் துருவையும் பித்தளைக்குக் களிம்பையும் தருகின்றது. ஆதலின், சமவெளியில் உள்ள நகரத்து வீட்டில் ஒரு பழம்பொருளைப் பேணுவதும் டயகமவில் பேணுவதும் ஒன்றல்ல. அங்கே இன்று துலக்கிய பித்தளை, காப்புப் பூச்சு இல்லாவிடில், விரைவில் ஒளி மங்கிவிடும்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். அக்காலத்தில் கொழுந்தை மேசைமேல் பரப்பிக் கையாலேயே உருட்டினர். பின்னர் கோப்பிப் பயிர் நோயால் அழிந்து, தேயிலை மலையெங்கும் பரவியபோது, கையால் செய்த வேலையைப் பொறிகள் ஏற்றன. கெய்ன்ஸ்பரோ நகரத்து மார்ஷல் தொழிற்சாலை ஜாக்சன் என்பாரின் உருட்டும் பொறிகளைச் செய்து அனுப்பியது. பெல்பாஸ்ட் நகரில் டேவிட்சன் 1881இல் நிறுவிய தொழிற்சாலையிலிருந்து ‘சிரோக்கோ’ என்னும் உலர்த்தும் பொறிகள் வந்தன. கண்டியில் 1854இல் தோன்றிய வாக்கர் நிறுவனமும் தேயிலைப் பொறிகளை வார்த்தது. இவற்றுட் சில இன்று ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலைக் கட்டடத்தில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தில் காணக் கிடைக்கின்றன. கந்தப்பளையில் விடுதியாக மாறிய பழைய ஹெதர்செட் தொழிற்சாலையிலும் பழைய பொறிகள் பேணப்படுகின்றன.

உருட்டும் பொறியை உற்று நோக்குவோர்க்கு ஒரு கேள்வி எழும். சட்டமும் கால்களும் வார்ப்பிரும்பாய் இருக்க, கொழுந்து படும் மேசை மட்டும் ஏன் பித்தளைத் தகடு போர்த்தப்பெற்றது? மேசைமேல் பிறைபோல் பதிக்கப்பட்ட வரம்புகளும் ஏன் பித்தளையாயின? அழகுக்காக அன்று. உருட்டும்போது கொழுந்து நசுங்கிச் சாறு கசிகின்றது. அச்சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைத் தொட்டால் கருமை உண்டாகும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கரைத்து மை செய்த நம் முன்னோர் இந்த உண்மையைப் பழக்கத்தால் அறிந்திருந்தனர். ஏட்டுக்கு நன்மையான அந்தக் கருமை தேயிலைக்குக் கேடு; நிறமும் சுவையும் கெடும். அதனாலேயே பித்தளை வந்தது. பின்னாளில் கறைபடாத உருக்கு அதன் இடத்தைப் பிடித்தது.

இவ்விளக்கம் மீட்புப் பணிக்கு இன்றியமையாதது. பொறியின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஏன் அந்த உலோகம், ஏன் அந்தப் பரப்பு என்று அறியாதவர், வார்ப்பிரும்புச் சட்டத்தைச் சுரண்டி வெள்ளிபோல் ஒளிரச் செய்வார். பித்தளை மேசைக்குப் பொன்வண்ணம் தீட்டுவார். இரண்டும் அப்பொறி ஒருநாளும் கொண்டிராத தோற்றங்கள். பழம்பொறிகளின் உலோகப் பரப்பைப் பெரும்பாலும் நான்கு வகையாகப் பிரிக்கலாம். வார்த்தபின் வண்ணம் பூசிய இரும்பு முதல் வகை. கடைந்து எண்ணெய் தடவி விட்ட அச்சுகள், தண்டுகள் இரண்டாம் வகை. அரத்தாலும் உப்புத்தாளாலும் ஒரே திசையில் தேய்த்து முடித்த பித்தளை மூன்றாம் வகை. நிக்கல் முலாம் பூசிய சிறு பகுதிகள் நான்காம் வகை.

ஆகவே, முதல் வேலை தேய்ப்பதன்று, பார்ப்பது. பொறியைப் பல கோணங்களிலும் படம் எடுத்து, ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணிட்டு, கழற்றிய வரிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர்த்தகட்டின் பின்புறமும், திருகாணித் தலையின் அடிப்புறமும், இரண்டு உறுப்புகள் பொருந்திய இடைவெளியும் காற்றும் கையும் படாத இடங்கள். தொடக்ககாலப் பரப்பு அங்கேதான் மறைந்திருக்கும். அமெரிக்காவில் பழைய பின்பால் விளையாட்டுப் பொறிகளைச் செப்பனிடுவோரும் இம்முறையையே கையாள்கின்றனர். அப்பொறிகள் பலவற்றின் உலோக விளிம்புகளில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய வரிகள் உண்டு. சுழலும் துணிச்சில்லில் பிடித்து மெருகிட்டால் கண்ணாடிபோல் ஒளிரும், வரிகளோ அழிந்துபோகும். எனவே அவர்கள் அவ்வரிகளின் திசையிலேயே மெல்லத் தேய்த்து அவற்றை மீண்டும் எழுப்புவர். பித்தளை மேசைக்கும் இதுவே விதி.

பித்தளை துலக்க நம் இல்லங்களில் புளியும் உப்பும் சாம்பலும் செங்கற்பொடியும் வழங்குகின்றன. நாள்தோறும் புழங்கும் குடத்துக்கும் செம்புக்கும் அது பொருந்தும். பழம்பொறிக்குப் பொருந்தாது. பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்த கலவை. புளிப்பும் உப்பும் நெடுநேரம் நின்றால் பரப்பிலுள்ள நாகம் கரைந்து செம்பு மட்டும் எஞ்சும். பொன்னிறம் போய், இளஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றுவது அதன் அடையாளம். துளைகளில் தங்கிய உப்போ பின்னும் அரித்துக்கொண்டே இருக்கும். செங்கற்பொடி கீறல்களை உண்டாக்கும்.

கடைகளில் விற்கும் மெருகு நீர்மங்கள் சிலவற்றில் அமோனியா உண்டு. இதனால் விளையும் தீங்குக்கு இந்திய வரலாற்றிலேயே சான்று இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் படையினர் அங்கே சேமித்து வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்புற்றன. குதிரை இலாயங்களிலிருந்து எழுந்த அமோனியாவும், உறைகளைச் செய்தபோது உலோகத்தினுள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து அவ்வெடிப்பை உண்டாக்கின என்பது 1921இல் தெளிவாக்கப்பட்டது. வளைத்தும் அடித்தும் செய்த பழைய பித்தளை உறுப்புகளுக்கும் அந்த அபாயம் உண்டு. ஆகவே, முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் தகுந்த கரைப்பானாலும், பின் அழுக்கை மென்மையான சவர்க்கார நீராலும் நீக்குக. அதன்பின் மிக நுண்ணிய சுண்ணக்கட்டிப் பொடியை நீரில் குழைத்துப் பருத்தித் துணியால் தேய்த்தல் போதும். அதுவும் பழைய வரிகளின் திசையிலேயே. பொன்னிறம் தோன்றத் தொடங்கியதும் நிறுத்துவதே திறமை.

இரும்பின் துருவை நீக்க மின்பகுப்பு முறை பயன்படும். சலவைச் சோடா கரைத்த நீரில் துருவேறிய உறுப்பை மின்கலத்தின் எதிர்முனையோடும், ஒரு சாதாரண இரும்புத் தகட்டை நேர்முனையோடும் இணைத்துத் தாழ்ந்த அழுத்தத்தில் மின்னைச் செலுத்தினால், துரு நெகிழ்ந்து உதிரும்; நல்ல உலோகம் தேயாது. இங்கே மூன்று எச்சரிக்கைகள் உண்டு. நேர்முனைக்குக் கறைபடாத உருக்கை வைத்தால் நஞ்சான குரோமியச் சேர்மம் நீரில் கலக்கும். வெளிப்படும் ஐதரசன் வாயு தீப்பற்றும் ஆதலால் காற்றோட்டமான இடம் வேண்டும். கடினமாக்கப்பட்ட வில்லுருக்கை இம்முறையில் இட்டால் ஐதரசன் உட்புகுந்து அதனை நொறுங்கச் செய்யலாம். பழைய வண்ணப் பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதையும் மறவாது, அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி எழுப்பாதிருத்தல் வேண்டும்.

தளர்ந்த துருவை நீக்கிய பின்னும் குழிகளில் எஞ்சும் மெல்லிய துருவுக்குத் தனிக் அமிலக் கரைசலைத் தடவுவர். அது துருவோடு கூடி நீலங்கலந்த கரும்படலமாக இறுகிவிடும். தேயிலைச் சாறும் இரும்பும் கூடிக் கருமை தந்த அதே வினையே, கொழுந்தைக் கெடுக்குமென்று அன்று விலக்கப்பட்டு, இன்று ஓய்ந்த பொறியைக் காக்க உதவுகின்றது.

முலாம் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். குரோமிய முலாம் வணிக முறையில் பரவியது 1920களின் நடுப்பகுதியில். அதற்கு முந்திய கருவிகளில் காணப்படும் வெண்முலாம் பெரும்பாலும் நிக்கல். நிக்கலின் ஒளி சற்றே மஞ்சள் சாயலுடன் இதமாயிருக்கும். குரோமியத்தின் ஒளி நீலம் பாய்ந்து கூசும். 1900ஆம் ஆண்டுக் கருவிக்குக் குரோமியம் பூசுவது, பாட்டனாரின் நிழற்படத்தில் இன்றைய கைக்கடிகாரத்தை வரைவதற்கு ஒப்பாகும். முலாம் பெரும்பகுதி எஞ்சியிருந்தால் மெல்லத் துடைத்து விட்டுவிடுவதே மேல்.

துலக்கிய பரப்பைக் காக்காவிடில் எல்லாம் வீண். உலர்ந்த நாளில், உறுப்பைச் சற்றே சூடாக்கி ஈரம் போக்கியபின், நுண்படிக மெழுகை மெல்லியதாய்த் தடவித் துணியால் தேய்ப்பர். மெழுகை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். வேண்டுமாயின் முற்றும் நீக்கவும் கூடும். பின்வருவோர் நீக்கக்கூடிய பூச்சையே பூசுக என்பது பழம்பொருள் பேணுவோர் போற்றும் நெறி. இன்றும் தேயிலை செய்யும் பொறிகளுக்கு இந்த மெழுகோ மருந்துகளோ ஆகா. அவை உணவோடு தொடர்புடையன. அவற்றுக்குரிய தூய்மை விதிகள் வேறு.

இவை அனைத்தினும் மிகுந்த கவனம் வேண்டுவது கொழுந்து நிறுத்த தராசு. பித்தளை முகமுடைய விற்றராசின் எண்களும் கோடுகளும் உலோகத்திற் பொறிக்கப்பட்டு, அப்பள்ளங்களில் கருஞ்சாந்து நிரப்பப்பட்டவை. ஒளிர வேண்டுமென்று பலமுறை தேய்த்தால் முதலிற் சாந்து போகும். பின்னர் கோடுகளே மறையும். மடுவத்தில் கூடையை இறக்கி நின்ற பெண்ணுக்கு அந்தக் கோடு வெறும் கோடன்று. அன்று மழையிலும் அட்டைக்கடியிலும் பறித்த கொழுந்து எத்தனை றாத்தல் என்று கணக்கப்பிள்ளையின் ஏட்டில் ஏறியது அந்தக் கோட்டினால். அவளுடைய நாட்கூலியும், மறுநாள் அடுப்பில் உலை ஏறுவதும் அதனைச் சார்ந்திருந்தன. 1970களில் றாத்தல் போய்க் கிலோ வந்தபின் அத்தகைய தராசுகள் பயனற்றவை ஆயின. இன்று அவை சான்றாக மட்டுமே நிற்கின்றன. சான்றின் எழுத்தை அழித்துவிட்டு அதன் முகத்தை மட்டும் ஒளிரச் செய்தால் எஞ்சுவது வெறும் பித்தளை.

பெயர்த்தகடுகளில் பொறியைச் செய்த ஊரும் நிறுவனமும் அழகுற வார்க்கப்பட்டுள்ளன. அதனை இயக்கியோர் பெயர் எத்தகட்டிலும் இல்லை. அவர்கள் விட்டுச்சென்றவை வேறு: பிடித்துப் பிடித்து ஒருபுறம் குழிந்த கைப்பிடி, கொழுந்து ஓடி ஓடி மெலிந்த பித்தளை வரம்பு, சட்டத்தின் இடுக்கில் படிந்த சந்தனமும் குங்குமமும். மலையகத்துத் தொழிலாளர் பொறியின் சக்கரத்தை ரோதை என்றழைத்து, அதில் உறையும் தெய்வத்தை ரோதைமுனி என்று வணங்கினர். ஆயுத பூசையன்று பொறிக்கு மாலையும் சாற்றினர். துருவை அகற்றுவோர் இந்தத் தேய்வையும் திலகத்தையும் அகற்றாதிருத்தல் வேண்டும். துரு பொறியைத் தின்னும் நோய். தேய்வோ அதனோடு உழைத்தவர்களின் கையெழுத்து.

டயகம போன்ற தோட்டங்களில் ஒரு பழைய உருட்டும் பொறியோ தராசோ கண்ணிற் பட்டால், அதனை விற்பதற்கு முன்னும் துலக்குவதற்கு முன்னும் ஒரு படம் எடுத்து, தகட்டிலுள்ள எழுத்துகளைக் குறித்து, அதில் வேலை செய்த முதியோர் சொல்வதைக் கேட்டு எழுதி வைத்தல் எவர்க்கும் இயலும். அதற்கு மருந்தும் வேண்டா, மின்கலமும் வேண்டா. உலோகத்தின் பொலிவை அடுத்த ஆண்டும் மீட்கலாம். முதியோர் நினைவை அவ்வாறு மீட்க இயலாது.