ஏழு நிமிடத்தில் மூன்று டச்டவுன்

1926 ஜனவரி 1. கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் உள்ள ரோஸ் பௌல் மைதானத்தில் கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். பாதி ஆட்டம் முடிந்தபோது வாஷிங்டன் பல்கலைக்கழகம் 12, அலபாமா 0. இனி எதுவும் மாறாது என்றுதான் பார்த்தவர்கள் பலரும் நினைத்திருப்பார்கள்.

அலபாமாவுக்கு அழைப்பு வந்ததே மற்றவர்கள் மறுத்த பிறகுதான். தென் மாநிலக் கல்லூரி அணி ஒன்று ரோஸ் பௌலுக்குப் போனது அதுவே முதல் முறை. அந்தப் பருவத்தில் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்று, மொத்தமே 7 புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி அது. இருந்தும் தெற்கத்தி அமெரிக்கக் கால்பந்தை மற்ற பகுதிக்காரர்கள் பொருட்படுத்தவில்லை. பத்திரிகைகள் வாஷிங்டன் பக்கமே நின்றன. நாட்கணக்கில் ரயிலில் நாட்டைக் கடந்து வந்தவர்களை முதல் பாதியில் வாஷிங்டனின் ஜார்ஜ் வில்சன் என்ற ஒரே ஆள் ஆட்டிப்படைத்தார். பந்தைச் சுமந்து ஓடினார், எறிந்தார், எதிரே வந்தவர்களைச் சாய்த்தார். தாக்குதலுக்குத் தனி அணி, தடுப்புக்குத் தனி அணி என்ற ஏற்பாடு வராத காலம். அதே பதினொரு பேர்தான் இரண்டையும் செய்தாக வேண்டும். இரண்டாம் காற்பகுதியின் கடைசியில் அடிபட்டு வில்சன் வெளியே போனார்.

இடைவேளைக்குப் பின் அலபாமாவின் பூலி ஹியூபர்ட் முதலில் பந்தை மற்றவர்களிடம் தரவே இல்லை. அணியில் வயதில் மூத்தவர், திடகாத்திரமானவர். தடுப்பவர்கள் நடுவே திரும்பத் திரும்ப முட்டி மோதி எல்லைக்கோட்டைத் தாண்டி முதல் டச்டவுனைப் போட்டார். சற்று நேரத்தில் கிராண்ட் கில்லிஸ் எறிந்த நீண்ட பந்தை ஓடிக்கொண்டே பிடித்த ஜானி மேக் பிரவுன், நிற்காமல் போய் இரண்டாவது டச்டவுனைப் போட்டார். அடுத்து வாஷிங்டன் பந்தைத் தவறவிட, அது அலபாமாவின் கைக்கு வந்தது. அடுத்த பந்தை எறிந்தவர் ஹியூபர்ட். பிடித்தவர் மறுபடி பிரவுன். ஏழே நிமிடத்தில் 20-12.

கடைசிக் காற்பகுதியில் வில்சன் திரும்பி வந்தார். அவர் எறிந்த பந்தில் வாஷிங்டன் இன்னொரு டச்டவுன் போட்டது. முடிவு 20-19. ஒரு டச்டவுனுக்கு 6 புள்ளி, அதன்பின் உதைக்கும் பந்துக்கு 1. இரண்டு அணிகளும் போட்டவை மூன்று மூன்று டச்டவுன்கள்தான். அலபாமா இரண்டு உதைகளைச் சரியாக உதைத்தது, வாஷிங்டன் ஒன்றை. அந்த ஒரே உதைதான் வித்தியாசம்.

வில்சன் களத்தில் நின்ற 38 நிமிடங்களில் வாஷிங்டன் முன்னேறியது 317 கஜம். அவர் இல்லாத 22 நிமிடங்களில் வெறும் 17 கஜம். அலபாமாவின் 20 புள்ளிகளும் அப்போதுதான் வந்தன. இதனால் அலபாமாவின் வெற்றி அதிர்ஷ்டம் என்று ஆகிவிடாது. எதிரியின் பெரிய பலம் நகர்ந்த நேரத்தில், பின்தங்கியிருந்த அணி தளராமல் நின்று அந்த வாய்ப்பை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டது. திரும்பி எழுவது என்றால் பெரும்பாலும் இதுதான். ஆனால் அலபாமாவைப் புகழ்கிறவர்கள் வில்சனையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்; அவரை விட்டுவிட்டால் அந்த ஏழு நிமிடம் ஏதோ மாயம் போலத் தோன்றும்.

தெற்கில் கொண்டாட்டம் ஆட்டத்தோடு நிற்கவில்லை. 1865இல் உள்நாட்டுப் போரில் தோற்ற வடு ஆறாத நிலம் அது. அணி திரும்பிய ரயிலை ஊர் ஊராக எதிர்கொண்டு வரவேற்றார்கள். தென் மாநிலங்கள் முழுவதன் மானமும் மீண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பெருமிதத்தில் கறுப்பின மக்களுக்குப் பங்கு கிடையாது. 1956 வரை ஒரு கறுப்பின மாணவரைக்கூடச் சேர்க்காத பல்கலைக்கழகம் அலபாமா. இதைச் சொல்லாமல் அந்த வெற்றியின் கதையைச் சொல்வது நியாயமில்லை.

மறு ஆண்டும் அலபாமா அழைக்கப்பட்டது. ஸ்டான்ஃபோர்டுடன் 7-7 என்று சமன் செய்தது. தெற்கத்தி அணிகளைப் பொருட்படுத்தாத நிலை அத்தோடு தீர்ந்தது. பிரவுன் ஹாலிவுட்டுக்குப் போய், கௌபாய் படங்களில் பல்லாண்டு நாயகனாக நடித்தார். வில்சன் தொழில்முறை ஆட்டம் ஆடினார், மல்யுத்தம் செய்தார், பிற்காலத்தில் சான்ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்தில் சுமை தூக்கினார். அந்த ஆட்டத்தின் சிறந்த வீரர் யார் என்று பின்னாளில் முடிவு செய்தபோது, பிரவுனையும் வில்சனையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தார்கள்.