ஆயக்குடிக்கு எழுத்து எத்தனை?

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் கொய்யாச் சந்தைக்குப் பேர்போன ஆயக்குடியின் பெயரில் ஆ, ய, க், கு, டி என ஐந்து எழுத்துகள் உள்ளன என்பதை ஆரம்பப் பள்ளிச் சிறுவனும் விரல்மடித்துச் சொல்லிவிடுவான்; கணிப்பொறியோ, மெய்ப்புள்ளியையும் உகர இகரக் குறிகளையும் தனித்தனியே எண்ணும் யூனிகோட் முறையைக் கைக்கொண்டிருப்பதால், எட்டு என்று சாதிக்கும். இந்த எட்டை ஐந்தாக்கும் காரியத்தை 'ஓப்பன்-தமிழ்' என்னும் பைத்தான் நிரல்தொகுப்பு செய்கிறது.

இத்தகைய நிரலில் எவரேனும் கைவைக்குந்தோறும், அது பழுதுபடாமல் நடக்கிறதா என்று தானாகவே ஓடிப் பரீட்சிக்கும் துணைநிரலே சோதனை நிரல். 1997-இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டா சென்ற விமானப் பயணத்தில் உருவாக்கத் தொடங்கிய ஜேயூனிட் என்னும் சோதனைக் கருவியின் வம்சத்தில் வந்ததே, பைத்தானில் இதற்கென உள்ள யூனிட்டெஸ்ட்.

நிரலை ரிவியூ செய்கிறவரும், பல வருஷங்களுக்குப் பின் அதைப் பராமரிக்க வருகிறவரும் முதலில் காண்பது சோதனையின் பெயரையே. ஆதலால் 'சோதனை 3' என்று எண்ணிட்டுப் போவதைவிட, 'புள்ளி எழுத்து தனியெழுத்தாகப் பிரிகிறது' என்று விஷயத்தையே பெயராக்குவது சிலாக்கியம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும் என்பது பலர் அறியாத சௌகரியம். ஆயக்குடிக்கு எதிர்பார்க்கும் விடையையும் ஐந்து எழுத்துகளாக அப்படியே எழுதிவிட வேண்டும்; மூல நிரலின் விதியையே மறுபடி பிரயோகித்து விடையைக் கணக்கிடும் சோதனை, மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்துவதற்கு ஒப்பாகும். ஒரே வரியைப் பத்துச் சோதனைகளில் திரும்ப எழுதுவது தோஷம் என்று சிலர் அதை வேறொரு கோப்பில் ஒளித்து வைக்கிறார்கள்; சோதனையில் அந்தத் தோஷம் க்ஷமிக்கத்தக்கது என்பதே என் அபிப்பிராயம்.

ஆனால் கண்ணுக்குத் தெளிவாயிருப்பதே கருத்தை மறைக்கும் சந்தர்ப்பமும் உண்டு. கொய்யாவின் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை 3018 என்ற ஒரே குறியீடாகவும் பதியலாம். 3014 ஆகிய ஒற்றைக்கொம்பு, 3006 ஆகிய கால் என இரண்டாகவும் பதியலாம். முன்னதில் அச்சொல்லின் நீளம் ஆறு, பின்னதில் ஏழு. திரையில் எள்ளளவும் பேதமில்லை. இவ்விரண்டிலும் மூன்றெழுத்தே விடையாக வருகிறதா என்று பரீட்சிக்கும் சோதனையில் சொல்லை மட்டும் தட்டச்சிட்டு வைத்தால், படிப்பவர் ஒரே வரி தவறுதலாக இருமுறை வந்துவிட்டதென்று எண்ணி ஒன்றை நீக்கிவிடக்கூடும்; ஆகவே அவ்விடத்தில் மாத்திரம் குறியீட்டெண்களையே வெளிப்படையாக எழுதி, காரணத்தை ஒருவரிக் குறிப்பாகப் பக்கத்தில் சேர்த்துவிடுவது உசிதம்.