டார்க் கன்வர்ட்டரை மாற்றும் தருணம்

கிளட்ச் மிதியே இல்லாத கார்கள் பலவற்றில், என்ஜின் ஓடும்போதே வண்டி அசையாது நிற்பதும், பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் மெல்ல நகர்வதும், என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே எண்ணெய் நிறைந்து சுழலும் ஓர் எஃகுக் கலத்தால் சாத்தியமாகின்றன. டார்க் கன்வர்ட்டர் என்னும் இச்சாதனத்துக்கு, ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களை மனத்தில் கொண்டு 1905-இல் காப்புரிமை பெற்றார். என்ஜினோடு சுழலும் இம்பெல்லர் வீசும் எண்ணெய் டர்பைனைச் சுழற்ற, அங்கிருந்து திரும்பும் எண்ணெயை ஸ்டேட்டர் திசைமாற்றி அனுகூலமாக்குவதால், புறப்படும் வேளையில் முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காகிறது. வேகம் பிடித்தபின் லாக்கப் கிளட்ச் இம்பெல்லரையும் டர்பைனையும் இறுகப் பிணைத்து, வீணாகும் சக்தியை மிச்சப்படுத்துகிறது.

பெரும்பாலும் முதலில் தேய்வது இந்தக் கிளட்சே. சமதளச் சாலையில் நிதானமாகச் செல்கையில், வரிவரியான மேடுகள்மீது சக்கரம் ஏறி இறங்குவதுபோல் வண்டி நடுங்குமானால், ஆக்ஸிலரேட்டரை மாற்றாமல் பிரேக்கை மிக லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். லாக்கப் விடுபட்டு அக்கணமே நடுக்கம் நின்றால் சந்தேகம் அதன்மேல் விழுவது நியாயமே. ஆயினும் என்ஜினில் ஒரு சிலிண்டர் சரிவர எரியாவிட்டாலும், லாக்கப் வேளையில் அதே நடுக்கம் தோன்றக்கூடுமாதலால், இதைமட்டும் சாட்சியாகக் கொண்டு கன்வர்ட்டரைக் கழற்றச் சொல்வது உரிமையாளருக்கு இழைக்கும் அநீதி என்பேன். எண்ணெய் பழையதாகியிருப்பின், தயாரிப்பாளர் விதித்த ரகத்தையே மாற்றி ஊற்றிச் சில நாள் ஓட்டிப் பார்ப்பதே விவேகம்; அவ்வளவிலேயே நடுக்கம் அடங்கிய வண்டிகள் பல.

ஸ்டேட்டரை ஒரே திசையில் மட்டும் சுழலவிடும் ஒருவழிக் கிளட்ச் பழுதானால் அடையாளம் வேறு: அது இருபுறமும் சுழன்றுவிட்டால் வண்டி புறப்படத் திணறி, வேகம் பிடித்தபின் சரளமாக ஓடும், அது இறுகிப்போனாலோ புறப்பாடு செவ்வனே இருந்து, அதிவேகத்தில் வலிமை குன்றி எண்ணெய் கொதிப்பேறும். இவற்றை எண்ணெய் மாற்றம் குணப்படுத்தாது.

கன்வர்ட்டர் பற்றவைத்து மூடப்பட்ட கலமாதலால், உள்ளே சேர்ந்த உலோகத் துகளைக் கழுவி முற்றிலும் அகற்றுவது அரிது. ஆகவே எண்ணெய் கருகி நாறி, அதில் உலோகப் பொடி மின்னும் நிலையில் கியர்பாக்ஸைப் பிரித்துச் செப்பனிட நேர்ந்தால், பழைய கன்வர்ட்டரைத் திரும்பப் பொருத்தச் சம்மதிக்காதீர்கள்; புதியதையோ, அறுத்துத் திறந்து புதுப்பித்ததையோ பொருத்தி, எண்ணெய் குளிரும் குழாய்களையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.