பூஜை மலரில் புதுக்கதை

தீபாவளி வந்தால் நாம் என்னென்ன வாங்குவோம்? புதுத்துணி வாங்குவோம். பட்டாசு வாங்குவோம். எண்ணெய், மாவு, வெல்லம் வாங்குவோம்.

கொல்கத்தாவில் திருவிழா வந்தால் இன்னொன்றும் வாங்குவார்கள். அது கதைப் புத்தகம்.

கொல்கத்தா மேற்கு வங்காளத்தின் தலைநகரம். முன்பு கல்கத்தா என்று சொன்னோம். 2001-ஆம் ஆண்டு பெயர் மாறியது. அங்கே பெரிய திருவிழா துர்க்கா பூஜை. நம் ஊரில் நவராத்திரிக்குக் கொலு வைக்கும் அதே நாட்களில் அங்கே தெருவுக்குத் தெரு பந்தல் போடுவார்கள். களிமண்ணால் செய்த துர்க்கை சிலையை வைத்துக் கும்பிடுவார்கள். மகள் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று சொல்வார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை. அலுவலகமும் விடுமுறை.

விடுமுறையில் படிக்க ஏதாவது வேண்டாமா? அதற்காகவே பத்திரிகைகள் தடிமனான மலர் ஒன்றைப் போடுகின்றன. அதைப் பூஜா சங்க்யா என்பார்கள். நாம் பூஜை மலர் என்று சொல்லலாம்.

நம் ஊர் தீபாவளி மலர் போன்றதுதான் இது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தீபாவளி மலரில் சிறுகதை இருக்கும். கவிதை இருக்கும். சாமி படம் இருக்கும். பூஜை மலரிலோ முழு நாவலே இருக்கும். ஒன்று இல்லை. நாலு, ஐந்து, ஆறு நாவல்கள் ஒரே மலரில் இருக்கும். எல்லாம் புதியவை. அதற்கு முன் எங்கும் அச்சாகாதவை.

நாவல் என்றால் நமக்குத் தொடர்கதைதான் நினைவுக்கு வரும். கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் 1950-இல் தொடங்கி வாரம் ஒரு துண்டாக வந்தது. கதை முடிய மூன்றரை ஆண்டுகள் ஆயின. அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று ஊரே காத்திருந்தது. வங்காளத்திலும் தொடர்கதைகள் உண்டு. ஆனால் பூஜைக்கு மட்டும் முழுச் சாப்பாடு. உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடித்துவிட்டு எழுந்திருக்கலாம்.

ஒரு பைசா மலர்

இந்த வழக்கம் எப்போது வந்தது? 1873-ஆம் ஆண்டு வந்தது என்று சொல்லலாம். அப்போது கொல்கத்தாவில் 'சுலப் சமாச்சார்' என்று ஒரு பத்திரிகை இருந்தது. கேசவ சந்திர சென் என்ற சீர்திருத்தக்காரர் அதை நடத்தினார். சுலபம் என்றால் எளிது, மலிவு. பெயருக்கு ஏற்ற விலை. ஒரு பைசாதான். அந்தப் பத்திரிகை பூஜை விடுமுறைக்காகத் தனி இதழ் ஒன்றைப் போட்டது. அதன் விலையும் ஒரு பைசாதான். பெரிய புத்தகம் வாங்க முடியாதவரும் அதை வாங்கலாம். பூஜை மலரின் தொடக்கம் இப்படி ஏழைக்கு எட்டும் விலையில் இருந்தது. இதை மறக்கக் கூடாது. இன்றைய மலர்கள் வழவழப்பான அட்டையோடு வருகின்றன. விலையும் அப்படித்தான் இருக்கிறது.

சிறுவர்களுக்கு என்று தனிப் பூஜை மலர் 1918-இல் வந்தது. அதன் பெயர் 'பார்வணி'. பெரியவர்களின் மலர்களுக்கு மகாகவி ரவீந்திரநாத் தாகூரே கதை கொடுத்தார். 1940-ஆம் ஆண்டு ஆனந்தபஜார் பத்திரிகையின் பூஜை மலரில் அவருடைய 'லேபரட்டரி' என்ற கதை வந்தது. அப்போது அவருக்கு வயது 79. உடம்பு சரியில்லை. அடுத்த ஆண்டு அவர் காலமானார். பூஜைக்குக் கதை கொடுப்பது எவ்வளவு பெரிய கடமையாக இருந்தது, பாருங்கள்.

முதலில் யார் படிப்பது?

மலர் வீட்டுக்கு வந்ததும் சண்டை வரும். முதலில் யார் படிப்பது? அப்பா கையில் எடுப்பார். அம்மா கேட்பார். அடுப்பு வேலை முடிந்து அம்மா உட்காரும்போது பையன் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். பாட்டி தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பார்.

இவ்வளவு தடிமனான புத்தகத்தைப் பார்த்தால் புதிதாகப் படிப்பவருக்குப் பயம் வரும். பயம் வேண்டாம். அங்கே யாரும் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை வரிசையாகப் படிப்பதில்லை. பொருளடக்கத்தைப் பார்ப்பார்கள். தெரிந்த பெயர் எது என்று தேடுவார்கள். படத்தைப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் படிப்பார்கள். பிடித்தால் மேலே போவார்கள். பிடிக்காவிட்டால் வேறு கதைக்குத் தாவுவார்கள். கேட்க ஆள் இல்லை.

இதில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தெரிந்த பெயருக்காக மலரை வாங்குகிறோம். அந்தக் கதை இரண்டு நாளில் முடிந்துவிடுகிறது. விடுமுறை மீதி இருக்கிறது. பக்கங்களும் மீதி இருக்கின்றன. சரி, அடுத்தது என்னதான் என்று புரட்டுகிறோம். பேர் தெரியாத ஒருவரின் கதை. நாமாகக் கடையில் போய் அதை வாங்கியிருக்க மாட்டோம். இப்போது படிக்கிறோம்.

சிறுவர் கதை பெரியவர் மலருக்குப் போனது

சத்யஜித் ராய் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். உலகம் அறிந்த சினிமா இயக்குநர். அவர் கதைகளும் எழுதினார்.

அவருடைய தாத்தா உபேந்திரகிஷோர் 1913-இல் சிறுவர்களுக்காக 'சந்தேஷ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சந்தேஷ் என்றால் செய்தி. பாலைத் திரித்துச் செய்யும் ஓர் இனிப்புக்கும் அங்கே அதே பெயர். குழந்தைகள் பத்திரிகைக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது. இடையில் பத்திரிகை நின்றுபோனது. 1961-இல் சத்யஜித் ராய் தம் நண்பரோடு சேர்ந்து அதை மறுபடி கொண்டுவந்தார். பத்திரிகைக்குக் கதை வேண்டும். அவரே எழுதத் தொடங்கினார்.

1965-இல் ஃபெலுதா பிறந்தார். ஃபெலுதா ஒரு துப்பறிவாளர். அங்கே அண்ணனை தாதா என்பார்கள். பெயரோடு சேரும்போது 'தா' என்று சுருங்கும். நம் ஊர் தாதா வேறு! ஃபெலுதாவோடு எப்போதும் ஒரு பையன் போவான். அவருடைய சித்தப்பா மகன். அவன்தான் நமக்குக் கதை சொல்கிறான்.

1970-இல் ஒரு புதுமை நடந்தது. ஃபெலுதாவின் கதை ஒன்று 'தேஷ்' பத்திரிகையின் பூஜை மலரில் வந்தது. தேஷ் பெரியவர்களின் பத்திரிகை. அதில் சிறுவர் துப்பறியும் கதையா? பெரியவர்கள் முகம் சுளிக்கவில்லை. பையனுக்கு முன்னால் அவர்களே படித்து முடித்தார்கள். அடுத்த ஆண்டு மலரில் 'சோனார் கெல்லா' வந்தது. தங்கக் கோட்டை என்று பொருள். ஒரு சிறுவன் போன பிறவியில் தங்கக் கோட்டையைப் பார்த்ததாகச் சொல்கிறான். அங்கே புதையல் இருக்கும் என்று திருடர்கள் பின்னால் வருகிறார்கள். ஃபெலுதா ராஜஸ்தானுக்குப் புறப்படுகிறார். மீதியைக் கதையில் படித்துக்கொள்ளுங்கள். 1974-இல் ராய் அதைச் சினிமாவாகவும் எடுத்தார்.

பெரியவர்களுக்கு எழுதுகிறவர்கள் சிறுவர்களுக்கும் எழுதுவது அங்கே வழக்கம். ஷீர்ஷேந்து முகோபாத்யாய் பெரியவர்களுக்குக் கனமான நாவல்கள் எழுதியவர். சிறுவர்களுக்கு அவர் எழுதிய ஒரு பேய்க்கதை உண்டு. ஒரு பையன் கணக்கில் 13 மதிப்பெண் வாங்கிவிடுகிறான். வீட்டில் யாரும் அவனோடு சரியாகப் பேசுவதில்லை. மனம் நொந்து காட்டுப்பக்கம் போகிறான். ஒரு பேய் வந்து பயமுறுத்துகிறது. பையன் பயப்படவே இல்லை. 13 மதிப்பெண் வாங்கியவனுக்குப் பேய் என்ன பெரிசு? பேய்க்கு அவமானமாகப் போகிறது.

திருவிழா வீட்டில் ஒரு துக்கம்

பூஜை மலர் என்றால் சிரிப்பும் துப்பறிதலும் மட்டும்தானா? இல்லை.

1970-ஐ ஒட்டிய ஆண்டுகள் கொல்கத்தாவுக்குக் கெட்ட காலம். நக்சல்பாரி இயக்கத்தில் பல இளைஞர்கள் சேர்ந்தார்கள். கல்லூரியில் படித்த பிள்ளைகள் தெருவில் பிணமாகக் கிடந்தார்கள். வெளியே போன மகன் வருவானா என்று தாய்மார்கள் வாசலில் நின்றார்கள். பல வீடுகளில் இதைப் பற்றி வாய் திறந்து பேசவும் பயம்.

1973-ஆம் ஆண்டு 'பிரசாத்' என்ற பத்திரிகையின் பூஜை மலரில் மகாசுவேதா தேவி ஒரு நாவல் எழுதினார். ஒரு வசதியான வீட்டுத் தாய். விடியற்காலையில் டெலிபோன் வருகிறது. பிணக்கிடங்குக்கு வந்து அடையாளம் காட்டச் சொல்கிறார்கள். அங்கே அவளுடைய மகன் கிடக்கிறான். அவனுக்கு இப்போது பெயர் இல்லை. எண்தான் இருக்கிறது. 1084. மகன் ஏன் செத்தான், அவன் எப்படிப்பட்டவன் என்று அந்தத் தாய் அதற்குப் பிறகுதான் தேடத் தொடங்குகிறாள்.

புதுச்சேலை, இனிப்பு, பந்தல், மேளம். இவற்றின் நடுவே அந்தக் கதை வீடுகளுக்குள் போனது. சமையல் குறிப்பும் சினிமாப் படமும் தேடி மலரைப் பிரித்தவர் கையிலும் அது கிடைத்தது. 'சோகக் கதை' என்று தனியாக விற்றிருந்தால் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்? இந்த நாவல் 1974-இல் புத்தகமாக வந்தது. '1084-இன் அம்மா' என்று தமிழிலும் வந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் சு. கிருஷ்ணமூர்த்தி.

புதியவருக்கு இடம்

ஆசிரியர் துணிந்தால்தான் புதிய எழுத்தாளர் மலருக்குள் வர முடியும். தேஷ் பத்திரிகையைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் சாகர்மய் கோஷ். 1960-களில் அவர் சுனில் கங்கோபாத்யாயைப் பூஜை மலருக்கு நாவல் எழுதச் சொன்னார். சுனில் அதுவரை கவிஞர். நாவல் எழுதிப் பழக்கமில்லை. எதைப் பற்றி எழுதுவது? தன்னையும் தன் நண்பர்களையும் பற்றியே எழுதினார். கதாநாயகனுக்கும் சுனில் என்றே பெயர் வைத்தார். அதுதான் அவருடைய முதல் நாவல். பிறகு வங்காளத்தின் பெரிய நாவலாசிரியர் ஆனார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். புகழ் பெற்றவரிடம் எல்லாப் பத்திரிகையும் நாவல் கேட்கும். ஒரே ஆண்டில் ஒருவரே பல மலர்களுக்கு எழுதுவார். கோடையில் தொடங்கி அவசரமாக முடிப்பார். அவசரத்தில் பொங்கிய சோறு சில இடத்தில் வேகாமல் இருக்குமே, அதுபோல் சில நாவல்கள் இருக்கும். வாசகர்களுக்கும் இது தெரியும். திட்டிக்கொண்டே படிப்பார்கள்.

பெரிய பத்திரிகையில் எல்லாருக்கும் இடம் கிடைக்காது. அதனால் இளைஞர்கள் கைக்காசு போட்டுச் சிறுபத்திரிகை நடத்துவார்கள். நாலு இதழ் வரும். நின்றுவிடும். இப்படிப்பட்ட இதழ்கள் குப்பைக்குப் போகாமல் காத்தவர் சந்தீப் தத்தா என்ற பள்ளி ஆசிரியர். 1978-இல் தம் வீட்டிலேயே சிறுபத்திரிகைகளுக்கு ஒரு நூலகம் தொடங்கினார். 2023-இல் காலமாகும்வரை சேர்த்துக்கொண்டே இருந்தார்.

பொய் இல்லை, புத்தகம்

பூஜை முடிந்த பிறகு அந்த நாவல்கள் எங்கே போகின்றன?

நன்றாக ஓடியவை தனிப் புத்தகமாக வரும். குளிர்காலத்தில், பெரும்பாலும் ஜனவரி கடைசியில், கொல்கத்தாவில் புத்தகக் கண்காட்சி தொடங்கும். முதல் கண்காட்சி 1976-இல் நடந்தது. வங்காளியில் புத்தகத்துக்கு உள்ள சொல்லைத் தமிழில் எழுதினால் 'பொய்' என்றுதான் எழுத வேண்டும். முதல் எழுத்தை 'பந்து' என்பதில் வருவதுபோல் அழுத்திச் சொல்ல வேண்டும். கண்காட்சிக்கு 'பொய் மேளா' என்று பெயர். கதை எழுதுகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

மலரைத் தவறவிட்டவர்கள் அங்கே புத்தகமாக வாங்குவார்கள். காசு குறைவாக இருப்பவர்கள் கல்லூரித் தெருவுக்குப் போவார்கள். அங்கே நடைபாதை முழுவதும் புத்தகக் கடைகள். பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய சின்னக் கடைகள். பழைய பூஜை மலர்களைக் கயிறு போட்டுக் கட்டி அடுக்கியிருப்பார்கள். அட்டை கிழிந்திருக்கும். உள்ளே யாரோ குழந்தை பென்சிலால் கிறுக்கியிருக்கும். கதை முழுசாக இருக்கும். சிறுவயதில் படித்த மலரைத் தேடி நரைத்த தலையோடு வருகிறவர்களும் உண்டு.

2020-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி உம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியது. ஏற்கெனவே கொரோனா ஊரடங்கு. கடைகள் பூட்டிக் கிடந்தன. கல்லூரித் தெருவில் வெள்ளம் புகுந்தது. புத்தகங்கள் தண்ணீரில் மிதந்தன. கடைக்காரர்களுக்குப் பெரிய நஷ்டம். ஊறிப்போன புத்தகங்களை எடுத்து வெயிலில் காயவைத்தார்கள். பல தேறவில்லை. அவர்களுக்காக வாசகர்கள் பணம் திரட்டினார்கள்.

அந்த ஆண்டும் பூஜை வந்தது. பந்தலுக்குக் கூட்டமாகப் போக முடியவில்லை. பூஜை மலர் வந்தது. வீட்டில் உட்கார்ந்து படித்தார்கள்.