படத்தில் பளபளத்த மொறிஸ் மைனர்

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்களைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அப்பாவின் மொறிஸ் மைனரும் அப்படி ஓடியதுதான். 1995 இடப்பெயர்வோடு அதுவும் போயிற்று.

அந்த ஆசையில் இங்கே இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்றை இணையத்தில் படம் பார்த்தே வாங்கினோம். இரண்டு வருட ஓவர்ரைம் காசு. லொறியில் வந்திறங்கியதும் அப்பா குனிந்து அடிப்பக்கத்தில் ஸ்குறூட்றைவரால் குத்தினார். அது உள்ளே போனது. புதுப் பெயின்ற்றுக்குக் கீழே எல்லாம் கறள்.

மொறிஸ் மைனரின் எஞ்சினுக்குப் பயப்படத் தேவையில்லை, உதிரிப்பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. கறள்தான் எமன். கதவுகளுக்குக் கீழுள்ள பகுதி, பின்வில்லுகள் பூட்டியிருக்கும் இடம் ஆகியவற்றின் படங்களைக் கேட்டு வாங்குங்கள். தாங்களாக அனுப்பமாட்டார்கள்.

"எம்.ஓ.ரி. தேவையில்லை" என்று விற்றவர் சொன்னபோது மகிழ்ந்தோம். 40 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே முதல் அந்தச் சோதனை கட்டாயமில்லைத்தான். அப்படியென்றால் வருடக்கணக்காக அதன் அடியை ஒருவரும் பாராமலும் இருந்திருக்கலாம் அல்லவா? நம்பர் பிளேட் இலக்கத்தைக் கொடுத்தால் பழைய சோதனை முடிவுகளை அரசாங்கத்தின் இணையச் சேவையில் இலவசமாகப் பார்க்கலாம். எங்களுக்கு அது காசு கொடுத்த பிறகுதான் தெரிந்தது. லொக் புக்கும் சொந்தக்காரர் யாரென்பதற்கு அத்தாட்சியல்ல. காசு கொடுத்த பற்றுச்சீட்டையும் கேளுங்கள்.

வெல்டிங் தெரிந்த வேலைத்தள நண்பர் ஞாயிறுகளில் வருகிறார். அப்பா தேநீரோடு போய் முன்சீற்றில் இருக்கிறார்.